எட்டு என்று எழுதியவள்

கணவனின் கழுத்துவலிக்கு எண் எழுதும் வேலை புவனேஸ்வரிக்கு வந்தது ஒரு மார்ச் மாதத்தில்.

ஆத்மநாதன் குவைத்தில் பதினோரு வருடம் ஃபால்ஸ் சீலிங் வேலை பார்த்தவன். சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து பார்த்தபடியே ஜிப்சம் பலகையைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்துத் திருகாணி முடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இதுதான். வலி ஆரம்பித்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பொங்கலுக்கு இரண்டு மாத விடுப்பில் வந்தபோது கழுத்தை இடது பக்கம் திருப்பவே முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினான். அறந்தாங்கியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டான், கழுத்துப்பட்டை போட்டான், ஒருவர் சொன்னார் என்று பதினைந்து நாள் எண்ணெய்க்கட்டு கட்டினான். வலி எதற்கும் பெரிதாக மசியவில்லை.

விடுப்பு முடிந்தது. கம்பெனியில் கேட்டு நீட்டித்துக்கொண்டான். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அங்கே தங்கும் அனுமதி ரத்தாகிவிடும். ஜூலை பாதி வரைக்கும் அவகாசம் இருந்தது.

பத்தாவது படிக்கும் மகள் கலைமதிதான் செல்போனில் அந்த அறிவிப்பைக் காட்டினாள். நாள்பட்ட கழுத்துவலிக்கு மின் அக்குபஞ்சர் சிகிச்சை கேட்கிறதா என்று புதுக்கோட்டையில் ஓர் ஆராய்ச்சி மையம் சோதித்துப் பார்க்கிறது, பங்கேற்பவர்களுக்குச் சிகிச்சை இலவசம் என்றிருந்தது.

ஆவுடையார்கோயிலுக்குக் கிழக்கே இருந்த தங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கணவனும் மனைவியும் போனார்கள். டாக்டர் வசந்தகுமாருக்கு நாற்பது வயதிருக்கும். அவசரப்படாமல் விளக்கினார்.

"ஊசி முடி மாதிரி மெல்லிசா இருக்கும். கழுத்துல, தோள்ல, கையில போடுவோம். அதுல கிளிப் மாட்டி இந்தச் சின்னப் பெட்டியிலேருந்து லேசா கரண்ட் விடுவோம். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பாதிப் பேருக்குத்தான் அப்படி. மீதிப் பேருக்கு ஊசி தோலைத் தொட்டுக்கிட்டு நிக்கும், பெட்டியில லைட் எரியும், ஆனா கரண்ட் வராது. யாருக்கு எதுன்னு ஒங்களுக்குத் தெரியாது. வலியக் கேட்டு எழுதுற இந்த அன்புச்செல்விக்கும் தெரியாது."

"எனக்குக் கரண்ட் வராத பக்கம் விழுந்துட்டா என்ன சார் பண்றது?" என்றான் ஆத்மநாதன்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிருவோம். அப்ப வேணும்னா கரண்டோடயே செஞ்சு விடுறோம்."

வலியை இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்றார்கள். மையத்துக்கு வரும்போது அன்புச்செல்வி கேட்டு எழுதிக்கொள்வாள். கழுத்து எத்தனை தூரம் திரும்புகிறது என்று ஒரு கருவியை வைத்து அளந்தும் கொள்வாள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மாலை ஒரு எண் எழுத வேண்டும். வலியே இல்லை என்றால் சைபர். தாங்கவே முடியாத வலி என்றால் பத்து. ஐந்து மாதம் கழித்து நோட்டை மொத்தமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் போதும்.

"குனிஞ்சு எழுதுனா இழுக்குதும்மா," என்றான் ஆத்மநாதன்.

"அப்ப அக்கா எழுதட்டும்." அன்புச்செல்வி நோட்டைப் புவனேஸ்வரியிடம் கொடுத்தாள். குளத்தூர்க்காரப் பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "அவரு சொல்ற நம்பரை மட்டும் எழுதுங்கக்கா. நீங்களா யோசிச்சு எதையும் போட்டுறாதீங்க."

புவனேஸ்வரி அப்படியே செய்தாள். எட்டு வாரம் வரைக்கும் வாரத்துக்கு இரண்டு நாளும், பிறகு மாதத்துக்கு ஒருமுறையும் அவன் புதுக்கோட்டை போய் வந்தான். தினமும் ஏழு மணிக்கு டீ கொடுத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாரம் ஏழும் எட்டுமாக இருந்தது. இரண்டாவது வாரம் ஆறு வந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஐந்து என்றான். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் கலைமதியைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினாள். "கரண்ட் ஏறுறது நல்லாத் தெரியுது, சுருசுருன்னு," என்று அவனும் சொன்னான்.

மறுநாள் குவைத்திலிருந்து ஃபோர்மேன் பேசினான். ஆத்மநாதன் பேசி முடித்ததும் புவனேஸ்வரி கேட்டாள்: "இந்த மாதிரி கொறைஞ்சா சித்திரை கடைசியில கெளம்பிரலாம்லங்க?"

"பாப்போம்."

அன்று மாலை எண் கேட்டபோது எட்டு என்றான். இன்றைக்கு என்னவோ ரொம்ப இழுக்கிறது என்றான். அதற்குப் பிறகு எட்டு, எட்டு, ஏழு, எட்டு என்றே போனது. ஒன்பது வந்த நாளும் உண்டு. நேற்றைக்கு ஐந்தாக இருந்தது இன்றைக்கு எப்படி எட்டானது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கரண்ட் வராத பக்கத்தில் விழுந்துவிட்டான் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மனசு விட்டுப்போகும் என்று பயந்தாள்.

ஏப்ரலில் அவள் இறால் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தாள். ஜெகதாப்பட்டினம் பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி. காலை ஐந்து மணிக்கு வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். நீளமான எஃகு மேசையில் ஐஸ் போட்டுக் கொட்டிய இறாலைத் தலை கிள்ளித் தோல் உரிக்க வேண்டும். எட்டு மணி நேரம் தலை குனிந்தபடியே நிற்க வேண்டும். விரல் மரத்துப்போய், வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துக்கு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. பிறகு மாட்டைப் பார்த்து, தெருக்கோடிக் குழாயிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் தூக்கி, சோறாக்க வேண்டும். ஆத்மநாதன் கழுத்துப்பட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். குடத்தோடு அவள் நுழையும்போது காலை மடக்கி வழி விடுவான்.

வேனில் அவளோடு வரும் இருளாயி பக்கத்துத் தெருக்காரி, ஐம்பது வயதுக்காரி. கம்பெனியில் ஆட்கள் கேட்டபோது, புவனேஸ்வரியைச் சேர்த்துவிட்டதே அவள்தான். மே மாதம் ஒருநாள் வேனில் சொன்னாள்:

"ஏத்தா புவனா, ஒம் புருசன நேத்து டீக்கடையில பாத்தேன். அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பித் திரும்பி நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு. பட்டையக் காணமே."

"வெயிலுக்கு அரிக்குதுன்னு கழட்டியிருப்பாரு."

"அதுக்குச் சொல்லலத்தா. நீ இம்புட்டுக் கஷ்டப்படுற. அந்த மனுசன் ஒரு கொடத்தத் தூக்குனா என்ன?"

புவனேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. வேனில் இருந்த பன்னிரண்டு பெண்களும் கேட்கும்படி பேசினாள். தன் புருசன் பதினோரு வருசம் மேலே பார்த்து உழைத்துத்தான் கழுத்தைக் கெடுத்துக்கொண்டான் என்றாள். வலியை அனுபவிக்கிறவருக்குத்தான் தெரியும் என்றாள். குடித்தே செத்துப்போன இருளாயியின் புருசனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து இருளாயி வேனில் பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை பதினான்காம் தேதியோடு ஆறு மாதம் முடிந்தது. அன்றைக்கு ஆத்மநாதன் வழக்கத்துக்கு மாறாகப் பகல் முழுவதும் வெளியே போகாமல் படுத்திருந்தான். "போயிருச்சுல்ல," என்றாள் அவள். "என்ன பண்ணச் சொல்ற," என்றான் அவன். அவள் அவனுக்காக வருத்தப்பட்டாள். அந்த மாதக் கடைசியில் நோட்டை அவன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

பத்து நாள் கழித்து அன்புச்செல்வி போன் செய்தாள். "அக்கா, நீங்க மட்டும் ஒருதடவை வந்துட்டுப் போக முடியுமா? நோட்டுல ஒரு சந்தேகம்."

புவனேஸ்வரி கம்பெனிக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் மேசையில் அவளுடைய நோட்டு இருந்தது. பக்கத்தில் ஆத்மநாதனின் ஃபைல் திறந்திருந்தது. அன்புச்செல்வியின் முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"அக்கா, நேராவே கேக்குறேன். இத நீங்க தெனமும் அவரக் கேட்டுத்தான் எழுதுனீங்களா?"

"ஆமா."

"இல்ல, ஒரே பேனா, ஒரே எட்டு. ஒரே நாள்ல ஒக்காந்து எழுதி முடிச்ச மாதிரி இருக்கு. எங்ககிட்ட அவரு சொன்னது வேற."

அன்புச்செல்வி ஃபைலைப் புவனேஸ்வரி பக்கம் திருப்பி வைத்தாள். எட்டு வாரத்துக்கும் எண் இருந்தது. ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தபோது சொன்னவை ஒன்று, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே கருவியில் அளந்த கணக்கு. முதல்நாள் இடது பக்கம் இருபத்தைந்து டிகிரி திரும்பிய கழுத்து எட்டாவது வாரத்தில் எழுபது டிகிரி திரும்பியிருந்தது.

புவனேஸ்வரி அந்த எண்களை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். எழுபது என்றால் எவ்வளவு என்று கேட்டாள். அன்புச்செல்வி தன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்துக் காட்டினாள். "ஏறக்கொறைய நம்ம மாதிரி."

"அவருகிட்ட கேட்டீங்களா?"

"போன்ல கேட்டோம்க்கா. நான் சரியாத்தான் சொன்னேன், அவதான் என்னத்தையாவது எழுதியிருப்பான்னு சொன்னாரு."

டாக்டர் வசந்தகுமார் ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"இது ஒன்னும் பெரிய விஷயம் இல்லம்மா. கேக்காம ஞாபகத்துல எழுதிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, நோட்ட ஒதுக்கி வச்சுட்டு எங்க ஃபைல மட்டும் எடுத்துக்குவோம். இல்லைன்னா ரெண்டும் ஒத்துப்போகலன்னு அவரையே கணக்குலேருந்து எடுக்க வேண்டி வரும். இவ்வளவு நல்லாக் கொணமான ஆளுங்க எங்களுக்குக் கொஞ்சப் பேருதான் இருக்காங்க."

"நான் பொய் எழுதுனேன்னு நானே எழுதித் தரணுமா?"

"பொய்யின்னு இல்ல. தவறுதலா."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். விரல்களின் ஓரத்தில் இறால் முள் குத்திய இடங்கள் கறுத்திருந்தன. அச்சடித்த வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதினாள்: "தினமும் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன்." கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு ஃபைலை மூடினார். அன்புச்செல்வி படி வரைக்கும் கூட வந்தாள். "மன்னிச்சுக்கங்கக்கா," என்றாள். புவனேஸ்வரி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. கலைமதி டியூஷனுக்குப் போயிருந்தாள். ஆத்மநாதன் பட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னவாம்?"

"இன்னைக்கு எத்தனைங்க?" என்றாள்.

"அதான் நோட்டக் குடுத்தாச்சே."

"சும்மா சொல்லுங்க."

"ஏழு இருக்கும்."

"அங்க ஒன்னுன்னு சொல்லியிருக்கீங்க."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு அணைத்தான். கழுத்துப்பட்டையின் ஒட்டைப் பிரித்துக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதைக் கழற்றிய வேகத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அங்க பொய் சொல்ல வாய் வரல," என்றான். "அந்தப் புள்ள கருவிய வச்சு அளக்குது. ஊசி குத்துற எடத்துல பொய் சொன்னா, வலி இன்னும் இருக்குன்னு வேற எங்கயாவது குத்திருவாங்களோன்னு இருந்துச்சு."

"எங்கிட்ட மட்டும் வந்துச்சா?"

"வலி போயிருச்சுன்னு சொன்னா நீ மறுநாளே பெட்டி கட்டியிருப்ப."

"கட்டியிருப்பேன்தான். போக இஷ்டமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நாலு வருசத்துக்கு முன்னாடி சொன்னேன். எங்கூட வேல பாத்த ராமநாதபுரத்துப் பய சாரத்துலேருந்து விழுந்தானே, அன்னைக்கு ராத்திரி போன்ல சொன்னேன், நான் வந்துர்றேன் புவனான்னு. நீ என்ன சொன்ன? மாடி தளம் போட்டுட்டு வாங்கன்னு சொன்ன. தளம் போட்டாச்சு. அப்புறம் கலைமதிக்கு நகை சேக்கணும்னு சொன்ன. இந்தச் சொமைய நான் எப்பத்தான் எறக்கி வைக்கிறது?"

அவள் அதை மறந்திருந்தாள். அவன் சொன்னதும் நினைவு வந்தது. அந்த வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவன் குரல் நடுங்கியதும் ஞாபகம் இருந்தது. சிமெண்டுக்குச் சொல்லிவைத்த மறுநாள் அது. அவன் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது அவள் நெஞ்சில் எதையும் குறைக்கவில்லை.

"சரி. போகலைன்னா போகல," என்றாள். "நாலு மாசமா நான் இறாலு உரிச்சுட்டு வந்து எட்டுக் கொடம் தூக்குனேன். ஒங்களுக்கு அப்ப ரெண்டு, ஒன்னு. காலை மடக்கிக்கிட்டு ஒக்காந்து பாத்தீங்க. ஒரு கொடத்தைத் தூக்க ஒங்களுக்குத் தோணலையா?"

"தூக்குனா தெரிஞ்சிரும்ல," என்றான் அவன்.

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், தலை குனிந்துகொண்டான். புவனேஸ்வரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மறுநாள் முதல் அவன் எல்லா வேலையும் செய்தான். தண்ணீர் தூக்கினான், மாட்டைக் குளிப்பாட்டினான், அவள் வருவதற்குள் சோறு வடித்து வைத்தான். ஊர் பார்த்தது. ஆத்மநாதனுக்கு ஊசியில் குணமாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் அவனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார்கள். வீட்டுக்குள் அவளும் அவனும் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனேஸ்வரி இருளாயியின் வீட்டுக்குப் போனாள். "நீங்க சொன்னது சரியாப் போச்சுக்கா," என்று ஆரம்பித்தாள். இருளாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒங் குடும்ப விசயம். எனக்கெதுக்கு?" என்றாள். "செத்த மனுசன இழுத்துப் பேசுனியே, அதுக்கு என்ன சொல்லப் போற?"

புவனேஸ்வரி முறத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

கார்த்திகை மாதத்தில் அன்புச்செல்வியிடமிருந்து போன் வந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, யார் யாருக்கு எந்தச் சிகிச்சை என்று இப்போது சொல்லலாம் என்றாள். ஆத்மநாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது கடமை என்று அழைத்ததாகச் சொன்னாள்.

"அவருக்குக் கரண்ட் விடலக்கா. ஊசி சும்மா தொட்டுக்கிட்டுத்தான் நின்னுச்சு."

"அப்புறம் எப்படிக் கொணமாச்சு?"

"அது எங்களுக்கும் சரியாச் சொல்லத் தெரியல. சில பேருக்கு ஊசி போட்டாங்கங்கற நம்பிக்கையிலயே கொறையும். இல்லைன்னா அந்த மேல பாக்குற வேலைய விட்டதுனாலயே சரியாயிருக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "வேணும்னா இப்ப கரண்டோட செய்யலாம்னு டாக்டர் சொன்னாரு."

"அவருக்கு வேணாம்," என்றாள் புவனேஸ்வரி. தன் கழுத்து இரண்டு மாதமாகக் குனிந்து நிமிர முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் புதுக்கோட்டை போக வேண்டும் என்றால் கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சொல்லாமல் போனை வைத்தாள்.

சாப்பிடும்போது அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கை சோற்றிலேயே நின்றது.

"எனக்கு சுருசுருன்னு ஏறுச்சே."

"ஏறலையாம்."

"நல்லாத் தெரிஞ்சுச்சு புவனா. பொய்யில்ல."

அவள் குழம்பை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். இந்த ஒரு விஷயத்தில் அவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அதற்குத்தான் காத்திருந்தான். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து எழுந்தாள்.

தை பிறந்ததும் அவன் தன் அண்ணனின் தென்னந்தோப்புக்குப் போனான். கீரமங்கலம் பக்கம் இருந்தது தோப்பு. மோட்டார் போட, காய் எண்ண, காவலுக்கு இருக்க ஆள் தேவைப்பட்டது. முதலில் வாரத்துக்கு நாலு நாள் தங்கினான், பிறகு ஆறு நாளானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் பத்துத் தேங்காயோடு வருவான். கலைமதியோடு பேசுவான். தண்ணீர்க் குடங்களை நிரப்பி வைப்பான். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவான்.

ஒருநாள் கிளம்பும்போது, அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டான்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல," என்றாள். "நீங்க கெளம்புங்க, இருட்டிரும்."